ஏட்டய்யாவின் வலிக்கு ஊர் முறை வைத்த கதை

ஒருவர் உடம்பில் இருக்கும் வலியை இன்னொருவர் கை நீட்டி வாங்கிக்கொள்ளலாம் என்பது ஏழுமடை ஊருக்குத் தெரியவந்தது ஓர் ஆடிச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி வாக்கில், பவளக்கொடி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது. அவள் புருஷன் தங்கமாயன் முப்பத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்து ஏட்டாகவே ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பில் வந்த புற்றோடு ஏழு மாதமாக மல்லுக்கட்டிக்கொண்டு, அதிலும் சத்தம் வெளியே போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் இரண்டைத் தேய்த்துவிட்டவர். அந்தப் பல் நறநறக்கும் சத்தத்தை அன்றைக்கு அவளால் தாங்க முடியவில்லை. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்து, பஸ்ஸில் இருந்து இறங்குகிறவரிடம் பையை வாங்குகிற மாதிரி, "கொஞ்ச நேரம் எங்கிட்டத்தான் குடுங்களேன், நீங்களே வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீக" என்றாள். அவர் கொடுத்தார். அது வந்தது.

வந்த வேகத்தில் அவள் கீரைக்குப் பக்கத்திலேயே சரிந்து படுத்தாள். இடது இடுப்பில் யாரோ துருப்பிடித்த திருப்புளியை வைத்து நிதானமாகத் திருகிக்கொண்டிருந்தார்கள். ஏட்டய்யா ஏழு மாதத்தில் முதல் தடவையாக எழுந்து உட்கார்ந்தார், பிறகு நின்றார், பிறகு செய்வதற்கு வேறொன்றும் தோன்றாமல் மீதிக் கீரையை உருவி, பருப்பு வேகவைத்து, உப்பைக் கூடப் போட்டு ஒரு கூட்டும் வைத்து இறக்கினார்.

"இதையா ஏழு மாசமா வச்சிருந்தீக?" என்றாள் அவள் தரையில் கிடந்தபடி.

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்ல."

"என்னன்னு சொல்றது?"

இரண்டு மணிக்கு அவள், "போதும் தாயி, போ" என்றதும் அது எழுந்து, மேய்ச்சல் முடிந்த மாடு தொழுவுக்குப் போகிற மாதிரி, வந்த வழியே அவரிடம் போனது.

ஏழுமடை இதற்கு ஆச்சரியப்படவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டது. எவ்வளவு நேரம் நிற்கும்? வாங்கினால் கட்டாயம் திரும்பப் போகுமா? தீட்டு உண்டா? தீட்டில்லை என்று கோயில் பூசாரி சொன்னார். சொன்ன கையோடு மறுநாள் காலைக்குத் தன் பெயரையும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஆளாளுக்கு வந்து நிற்க, ஒரே நேரத்தில் இரண்டு பேர் கை நீட்ட, தள்ளுமுள்ளு ஆகிவிடும்போல் இருந்ததால் ஒச்சப்பனைக் கூட்டிவந்தார்கள்.

ஒச்சப்பன் அந்த ஊரின் நீர்பாய்ச்சி. மலையில் இருந்து வரும் வாய்க்காலில் ஏழு மடை. ஏழு மடைக்கும் முறை வைத்துத் தண்ணீர் திறந்து, நேரமானதும் அடைப்பது அவர் வேலை. ஒரு முறை என்பது ஒரு ஜாமம், மூன்று மணி நேரம். தலைமடைக்காரன் பணக்காரன் என்பதற்காக ஒரு நிமிஷம் கூடுதலாகப் போகாது, கடைமடைக்காரன் ஏழை என்பதற்காக ஒரு நிமிஷம் குறையாது. அவர் ஏட்டய்யாவை ஒரு பார்வை, வாசலில் நின்ற கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தண்ணியப் பிரிக்கத் தெரிஞ்ச ஊருக்கு இது என்னப்பா பெரிய வேலை" என்றார். ஜாமத்துக்கு ஒரு ஆள். பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் எண்பது தாண்டியவர்களுக்கும் விலக்கு. வாங்கும்போது கையைப் பிடித்து "என் முறை" என்று சொல்ல வேண்டும். விடும்போது "முறை முடிஞ்சது" என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் போகாது. இரண்டு மடையை ஒரே நேரத்தில் திறக்கிற பேச்சே கிடையாது. அவ்வளவுதான் சட்டம், அதை எழுதிவைக்கவும் இல்லை.

ஆவணி பிறப்பதற்குள் அது ஊரின் பழக்கமாகிவிட்டது. டீக்கடையில் மழை பெய்யுமா என்று கேட்பதற்கு முன்னால் "இப்ப யாரு ஜாமம்?" என்று கேட்டார்கள். யார் வீட்டில் வலி இருக்கிறதோ அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதில்லை, அடுத்த வீட்டில் இருந்து கஞ்சி வரும். பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளை எத்தனை ஜாமம் தாங்கினார் என்று ஜாடையாக விசாரித்தார்கள். ராவுத்தர் தெருவில் வெள்ளிக்கிழமை மதிய ஜாமத்தைத் தொழுகை முடிந்த கையோடு தங்களுக்கென்றே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் வாங்கினார் என்று கேட்டதும் எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர் அடுத்தடுத்து இரண்டு ஜாமம் வாங்கினார். ஒரு வரப்புக்காகப் பதினோரு வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பிக்கு ஒச்சப்பன் வேண்டுமென்றே பக்கத்துப் பக்கத்து முறை போட்டார். வலியை மாற்றக் கையைப் பிடித்தே ஆக வேண்டியதால் பிடித்தார்கள், பிடித்த கையைக் கொஞ்ச நேரம் விடவில்லை. வேலைக்குப் போகச் சோம்பல்பட்ட ஒருவன் முறை முடிந்தும் வலியில் கொஞ்சம் தன்னிடமே தங்கிவிட்டதென்று இரண்டு நாள் கெந்திக்கெந்தி நடந்தான். தெருவில் ஆட்டுக்கிடா ஒன்று பூசாரியின் வேட்டியைக் கவ்வி இழுத்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டதால் பிடிபட்டான். அது இருக்கிற உடம்பு சிரிக்காது என்று ஊருக்கே தெரியும்.

இன்னொன்றும் தெரிந்தது. வலி, சொன்ன சொல்லை அப்படியே நம்பும். மாட்டுவண்டிக்காரர் ஒருவர் முறை முடிகிற நேரத்தில், "செத்த இரு, வண்டிக்கு மை போட்டுட்டு வந்துர்றேன்" என்று யாரிடமோ சொன்னார். அவர் அச்சுக்கு மை போட்டு முடிக்கும்வரை, ஒச்சப்பன் பக்கத்தில் நின்று கத்தியும், அது அசையாமல் இருந்தது.

மூன்றாம் மடைக்காரர்கள் முறை வந்த ஒரு நாள் சுருளியாண்டி வந்து வாங்கினான். ஏட்டய்யா தன் காலத்தில் பதினோரு தடவை பிடித்து உள்ளே வைத்த ஆள். மலையில் கஞ்சா போட்டு, பொட்டலம் கட்டி, பிடிபட்டு, வெளியே வந்து, மறுபடி மலையேறினவன். அவன் தன் ஜாமத்தைச் சத்தமில்லாமல் முடித்துக்கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் இடுப்பில் ஒரு சின்னப் பாட்டிலோடு வந்தான்.

"ஏட்டய்யா, கோவிச்சுக்கிறாதீக. விக்கிறதுக்கு இல்ல இது. நேத்து நான் வச்சிருந்தேன்ல அதை, அதுக்காகவே காய்ச்சுன எண்ணெய்."

"எத்தனை கிராம்?"

"ஏட்டய்யா..."

"எத்தனை கிராம்னேன்."

"பத்து இருக்கும்."

"பத்துக்கு என்ன பிரிவு, எத்தனை மாசம்னு எனக்கு முன்னாடியே நீ சொல்லுவ. எடுத்துட்டுப் போயிரு. நான் பாக்கல. இன்னொருக்கா வந்தா பாப்பேன்."

சுருளியாண்டி போனபிறகு பவளக்கொடி அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகள் அவர் வயிற்றைப் புண்ணாக்கினவே தவிர வலியைத் தொடவில்லை. சில தேசங்களில் இந்தச் செடியின் எண்ணெயைக் கொடுக்கிறார்கள், எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன், சிலருக்குக் கேட்கிறது, ஆனால் இங்கே கொடுக்க வழியில்லை என்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னதை இருவரும்தான் கேட்டிருந்தார்கள். கஞ்சியில் நாலு சொட்டுக் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அவள் நினைத்தாள். முப்பது வருஷமாகத் தட்டில் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் அவள் கையால் சாப்பிட்டவர் என்ற நினைப்பும் கூடவே வந்ததால் அதை அங்கேயே விட்டாள்.

"வேற ஊருல குடுக்குறாகல்ல?"

"அங்க சட்டம் இருக்கு. இங்க இல்ல. இந்த இலைக்காக முப்பத்திரெண்டு வருசம் மனுசனைப் பிடிச்சு உள்ள வச்சேன் பவளம். இப்ப எனக்கு வலிக்குதுன்னதும் இலை நல்லதாயிருமா? அப்ப நான் உள்ள வச்சவனெல்லாம் யாரு?"

"சட்டம் மாறுனா?"

"மாறுனா குடிப்பேன். ரசீதோட."

"சரி, அப்ப மாத்திட்டு வர்றேன்" என்றாள் அவள், சந்தைக்குப் போய்விட்டு வருகிற தொனியில், ஆணியில் தொங்கிய பையை எடுத்துக்கொண்டு.

பையோடு அவள் போய் நின்ற இடம் கோர்ட்டு வாசலில் புங்கமரத்தடியில் இருந்த ஜைத்தூன் பீவியின் டைப்ரைட்டர். இருபத்தாறு வருஷமாக வக்கீல்களுக்கும் வழக்காளிகளுக்கும் தட்டித் தட்டி, எந்த வக்கீலையும்விடச் சட்டம் அதிகம் விரலில் வைத்திருந்தவள் அவள். பவளக்கொடி சொல்லி முடிக்கும்வரை வெற்றிலையை மென்றுவிட்டு, "கேஸ் போடுறது, பிடிக்கிறது எல்லாம் மத்தியச் சட்டந்தான்க்கா. ஆனா மருந்துக்குச் செடி வளக்கவும் குடுக்கவும் மாநிலம் விதி போட்டுக்கலாம்னு அதுக்குள்ளயே ஒரு கதவு வச்சிருக்கான். பூட்டு நம்ம பக்கம். சாவியைத் தேடத்தான் யாரும் போகல" என்றாள்.

"நான் போறேன். தட்டு."

திங்கள்கிழமைதோறும் மாவட்ட அலுவலகத்தில் மனு வாங்குவார்கள். முதல் திங்கள் அங்கே உட்கார்ந்திருந்தவர் மனுவைப் படித்துவிட்டு, "என்னம்மா, கஞ்சாவுக்கா மனு?" என்று கொஞ்சம் சத்தமாகக் கேட்க, பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஊரில் ஒருவர், "ஏட்டு பொண்டாட்டி கடை போடப் போகுதாமே" என்றார். "ஆமாண்ணே, முதல் போணி உங்களுக்குத்தான், காலையில வெறும் வயித்தோட வந்துருங்க" என்றாள் அவள். மனு சுகாதாரத்துக்குப் போனது, சுகாதாரம் இது எங்களுடையதல்ல என்று வேளாண்மைக்கு அனுப்பியது, வேளாண்மை மதுவிலக்குக்கு அனுப்பியது, மதுவிலக்கு சுகாதாரத்துக்கே அனுப்பியது. திருவிழா ராட்டினம் மாதிரி அது சுற்றி வந்துகொண்டிருக்க, அவள் ஒவ்வொரு திங்களும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஜைத்தூன் பீவி, வலியை வாங்கின ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரட்டும், அதையெல்லாம் மனுவோடு சேர்த்துத் தைப்போம் என்றாள். எழுதினார்கள். "உட்கார முடியாது. படுக்க முடியாது. நின்றால் சற்றுப் பரவாயில்லை. கன்று ஈனும்போது என் எருமை ஏன் அப்படிப் பார்த்தது என்று இப்போதுதான் விளங்கியது" என்று ஒருவர் எழுதினார். "எழுத ஒன்றுமில்லை, அடுத்த முறைக்கும் என் பெயரைப் போடவும்" என்று ஒருவர் எழுதினார். எழுதத் தெரியாத ஒரு பெண் வலி இடுப்பில் இருக்கும்போதே கைநாட்டு வைத்ததில் தாள் கிழிந்துவிட, கிழிந்த தாளையே வைத்துத் தைத்தார்கள். வாய்க்கால் நெடுக இருந்த மற்ற ஊர்களில் இருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் ஊர் நோயாளிகளுக்கும் முறை வைத்தார்கள். தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிய பதினேழு ஊர்களில் அது நடந்தது. ஆளுக்கொரு போர்வெல் போட்டுக்கொண்ட ஊர்களில் எவ்வளவு கையைப் பிடித்தும் வலி இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஆக ஏழுமடையோடு பதினெட்டு ஊர். மனு கோணிப்பையில் கட்டித் தூக்குகிற அளவுக்குப் பெருத்தது.

வலியும் பெருத்தது. ஆவணியில் ஒரு ஜாமம் தாங்கினவர்கள் கார்த்திகையில் அரை ஜாமத்தில் சுவரைப் பிடித்தார்கள். அறுப்பு நேரம், முறை முடித்தவன் மறுநாள் அரிவாள் பிடிக்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்தான். பூசாரி சாமியைத் தூக்கும்போது தடுமாறினார். வலி ஊரைச் சுற்றினாலும் நோய் உடம்பிலேயே இருந்ததால், தன் ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்த ஏட்டய்யாவுக்கு, நடக்கிறவர்களில் இடது காலை இழுத்து நடப்பவர்கள் கூடிக்கொண்டே வருவது தெரிந்தது.

"தை பொறந்ததும் நிறுத்திக்கிருவோம். நான் குடுக்க மாட்டேன்" என்றார்.

"என்ன பேச்சு இது?"

"ஊரையே கெந்த வச்சுட்டா போய்ச் சேருறது? எம் பொருள், எங்கிட்டயே இருக்கட்டும். தை வரைக்கும்தான் பவளம்."

டாக்டரம்மா அவருக்குச் சொல்லியிருந்த கெடு சித்திரை. தையில் இருந்து சித்திரை வரை அந்தத் திருப்புளியோடு அவர் தனியாகக் கிடக்கப் போகிறார், பல் நறநறக்க, வாயைத் திறக்காமல், யார் கை நீட்டினாலும் கொடுக்காமல். சொன்னால் செய்கிற ஆள்.

மார்கழி இரண்டாம் வாரம் தலைநகரில் இருந்து கடிதம் வந்தது. விதி வகுக்கலாமா என்று பார்க்க ஐந்து பேர் கொண்ட குழு. பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். பவளக்கொடியும் ஒச்சப்பனும் ஜைத்தூன் பீவியும் பஸ் ஏறினார்கள். வலியையும் கூட்டிப்போனார்கள், ஆளுக்கொரு ஜாமமாக மாற்றி மாற்றி. ஏட்டய்யாவைச் சுருளியாண்டி பார்த்துக்கொண்டான்.

நாலாவது மாடியில் ஏசி போட்ட ஹால். குழுவின் தலைவர் முப்பத்தெட்டு வருஷம் பெரிய பதவிகளில் இருந்து ஓய்வு பெற்றவர், மெல்லப் பேசுகிறவர், வெள்ளைச் சட்டை. அவருக்கு வலப்பக்கம் ஒரு முன்னாள் போலீஸ் அதிகாரி, இடப்பக்கம் ஒரு டாக்டர், ஓரத்தில் இன்னும் இருவர். பவளக்கொடியின் பெயரைக் கூப்பிட்டபோது வலியின் முறையும் அவளுடையது. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்த அமைப்பும்மா நீங்க?"

"ஏழுமடைங்கய்யா."

"அது அமைப்பா, ஊரா?"

"ஊருதான். அமைப்பாத்தான் இருக்கு."

டாக்டர் சிரித்தார். தலைவர் கடிகாரத்தைக் காட்டி மூன்று நிமிடம் என்றார்.

"மூணு நிமிசத்துல சொல்ற விசயம் இல்லங்கய்யா இது" என்றாள் அவள். "ஆனா மூணு நிமிசம் வச்சிருந்து பாக்கலாம்" என்று ஒரு கையை நீட்டினாள்.

முன்னாள் அதிகாரி முன்னால் சாய்ந்தார். "இந்த நாடகமெல்லாம் வேண்டாம்மா. இந்த இலையால சீரழிஞ்ச பசங்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன் தெரியுமா?"

"நானும் பாத்திருக்கேன்யா. ஏட்டு வீட்டுக்காரி நான். அவுக பிடிச்சிட்டு வந்த பிள்ளைகளுக்கு ஸ்டேசனுக்குச் சோறு தூக்கிட்டுப் போனவ. மலையில விக்கிறவனை விட்டுருங்கன்னா கேக்குறேன்? ஆஸ்பத்திரியில குடுக்க வழி விடுங்கன்னு கேக்குறேன். குடிக்கிறதுக்கு ரசீது கேட்டுக்கிட்டுப் படுத்திருக்காரு ஒரு மனுசன்."

கோணிப்பை மனுவைப் புரட்டியிருந்த தலைவர் அவள் நின்ற நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து, நெற்றி வேர்த்து, ஏசியில். மரியாதை தெரிந்தவர், ஒரு பெண் கை நீட்டிக்கொண்டு நிற்கும்போது சும்மா இருக்க அவருக்கு வரவில்லை. எழுந்து கை கொடுத்தார்.

"ஏதாவது சொல்ல வேண்டுமா?"

"என் முறைன்னு சொல்லணும்யா."

"என் முறை" என்றார்.

அவர் முகம் மாறியதை ஒச்சப்பன் பார்த்தார். வெள்ளம் ஏறி வரப்பு உடையப் போகிற நேரத்தில் வயல் எப்படி இருக்கும் என்று நாற்பது வருஷமாகப் பார்த்த கண். அந்த நேரத்தில் வாயில் என்ன வருமோ அதுதான் வந்தது: "ரெண்டு பக்கமும் வெட்டி விடுங்கய்யா!" தான் போட்ட சட்டத்தைத் தானே உடைத்துவிட்டோம் என்று உறைத்து அவர் நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் தலைவர், விளங்கியோ விளங்காமலோ, வலக்கையால் அதிகாரியையும் இடக்கையால் டாக்டரையும் இறுக்கிப் பிடித்துவிட்டார். அவர்கள் பக்கத்தில் இருந்தவர்களைப் பிடித்தார்கள். குறிப்பெழுதுகிறவர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்து தாங்க, தண்ணீர் கொண்டுவந்தவர் குறிப்பெழுதுகிறவரைத் தாங்க, வாசல் வழியாக அது வராந்தாவுக்குப் போனது. கடைமடை என்று ஒன்று இருப்பதை அந்தக் கட்டிடம் அதுவரை அறிந்ததில்லை.

மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்தது. அப்போது தலைவர், "முறை முடிஞ்சது" என்று சொல்லியிருந்தால் அது அந்த நிமிஷமே பவளக்கொடியிடம் வந்திருக்கும். அவருக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக ஒவ்வொரு மனுவுக்கும் கடைசியில் எதைச் சொன்னாரோ அதையே, பல்லைக் கடித்துக்கொண்டு, சொன்னார்.

"ஆவன செய்யப்படும்."

வலி அந்த வாக்கியத்தை இதற்குமுன் கேட்டதில்லை. அப்படியே நம்பியது.

ஜைத்தூன் பீவிக்குத்தான் முதலில் விளங்கியது. பவளக்கொடியின் முழங்கையைப் பிடித்து, "கெளம்புங்கக்கா. செஞ்சு முடிக்கிற வரைக்கும் அது இங்கிட்டுத்தான் இருக்கும்" என்றாள். மூவரும் ஒன்றும் இல்லாத உடம்போடு, படிகளில் தடதடவென்று இறங்கி, டீக்கடையில் ஆளுக்கு இரண்டு வடை சாப்பிட்டார்கள்.

அந்தக் கட்டிடத்தில் இருந்த அறுநூறு பேருக்கும் பிரிந்ததால் ஆளுக்கு ஒரு கடுகளவுதான் வந்தது. வேலை செய்யலாம், சாப்பிடலாம், பேசலாம். உட்காரத்தான் முடியாது. உட்கார்ந்தால் திருப்புளி ஒரு சுற்றுச் சுற்றும். எனவே அந்த மார்கழியில் அங்கே யாரும் எந்தக் கோப்பின் மேலும் உட்காரவில்லை. நின்றபடியே படித்தார்கள், நின்றபடியே கையெழுத்துப் போட்டார்கள், நிற்பதைவிட நடப்பது சுகமாக இருந்ததால் அடுத்த மேஜைக்குத் தாங்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சுகாதாரம் வேளாண்மையைத் தேடிப் படியேறிப் போனது. வேளாண்மை மதுவிலக்கின் வாசலில் காத்து நின்றது. அந்தக் கோப்பு ஒரு மேஜை நகரும்போதெல்லாம் இடுப்பு ஒரு நூல் இளகுகிறது என்பதைக் கடைநிலை உதவியாளர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னதும், மற்ற கோப்புகளை நிறுத்திவிட்டு எல்லாரும் அதையே தள்ளினார்கள். ஏழாம் நாள் முன்னாள் அதிகாரி தலைவரின் அறைக்கு வந்து நின்றார்.

"தங்கமாயன்னு ஒரு ஏட்டு சார். எங்கிட்ட நாலு வருஷம் இருந்தான். போன மார்கழியில ரிட்டயர் ஆகுற அன்னைக்குக்கூட ஒரு மணி நேரம் விறைப்பா நின்னு சல்யூட் வச்சான். இதை வச்சுக்கிட்டா நின்னான்?"

அதிகாரி தான் எழுதிவைத்திருந்த ஆட்சேபத்தை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மருந்துச் சீட்டு உள்ளவரைக் கைது செய்யக் கூடாது என்ற வரியைத் தன் கையால் விதியில் சேர்த்தார்.

தை பிறந்து நாலாம் நாள் விதி வெளியானது. அரசு ஆஸ்பத்திரியில், டாக்டர் சீட்டுக்கு, உரிமம் பெற்ற தோட்டத்தில் இருந்து, இத்தனை சொட்டு. நல்லதெல்லாம் இருந்தது. பழைய வழக்கு உள்ளவர்களுக்குத் தோட்ட உரிமம் கிடையாது என்பதும் இருந்தது. பதினோரு வழக்குச் சுருளியாண்டி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அது சரி, செடிக்கு மன்னிப்பு, எனக்கில்ல" என்றான். "அடுத்த திங்கக்கிழமை உனக்கு மனுடா" என்றாள் பவளக்கொடி. ஏட்டய்யா படுத்தபடியே, "முதல் கையெழுத்து நான் போடுறேன். பிடிச்சவன் சொன்னா கேப்பாக" என்றார்.

விதி வந்தும் வலி வரவில்லை. ஆவன என்றால் எல்லாம்தான் என்று அது எடுத்துக்கொண்டது. உரிமம் வழங்கி, எண்ணெய் வடித்து, சோதித்து, முதல் பாட்டில் ஒரு நோயாளியின் கைக்குப் போகிறவரை அந்தக் கட்டிடத்திலேயே இருந்தது. அதனால் எல்லாம் நடந்தது. மாசி மூன்றாம் வெள்ளி, மாவட்ட ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுப் பாட்டிலை வாங்கிக்கொண்டு பவளக்கொடி பகல் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாதி வழியில் பக்கத்து சீட்டில் ஏதோ வந்து உட்கார்ந்தது. அவளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"வந்துட்டியா" என்றாள். "வா, சேந்தே போவோம்."

ஏட்டய்யா கண்ணாடி கேட்டார். பாட்டிலில் இருந்த முத்திரையைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், அளவைப் பார்த்தார், அரசாணையைப் பார்த்தார், எதையும் விட்டுவிடாமல், முப்பத்திரண்டு வருஷம் பிடிபட்ட பொருளைப் பார்த்த அதே கண்ணால். ரசீதை வாங்கித் தலையணைக்கடியில் வைத்தார். பிறகு இன்னொரு கையை நீட்டினார்.

"அதையும் குடு."

"எண்ணெய் மொதல்ல உள்ள போகட்டும்."

"அது என்னுது. குடு."

கொடுத்தாள். அவர் உடம்பு ஒரு தடவை வில்லாக வளைந்தது. வாயைத் திறந்து, நாக்கை மடித்து, நாலு சொட்டை வாங்கிக்கொண்டார்.

"கசக்குது."

"பின்ன, பாயாசமா?"

மணி இரண்டரை. அவள் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் நறநறத்தது. மூன்று மணிக்கும் நறநறத்தது. மூன்றேகாலுக்கு ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் இடைவெளி வந்தது, தாடை இளகியது, உதடு பிரிந்தது. வலி போய்விடவில்லை. அது கட்டிலைச் சுற்றி இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டு, சுவரோரமாகச் சுருண்டு படுத்துக்கொண்டது. வலி தன்னிடமே இருக்கும்போது, பதினாலு மாதத்தில் முதல் தடவையாக ஏட்டய்யா குறட்டை விட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பதினெட்டு ஊரும் வெற்றி ஊர்வலமாக வந்துகொண்டிருந்தது. உறுமி, தவில், நாயனம், இரண்டு கட்சிக் கொடி, ராவுத்தர் தெருவின் பச்சைத் துணி, கொத்துக்கொத்தாக வெடி, முன்னால் கோணிப்பையில் கட்டின மனுவின் நகல். பவளக்கொடி வாசலுக்கு ஓடிவந்து ஒரு விரலை உதட்டில் வைத்தாள். தெருமுனையில் ஒச்சப்பன் அதைப் பார்த்தார்; மடையை அடைக்கிற மாதிரி ஒரு கையை மேலிருந்து கீழே இறக்கினார். சத்தம் நின்றது. ஊர்வலம் நிற்கவில்லை. நாயனக்காரர்கள் வாயில் வைத்த நாயனத்தை ஊதாமல் விரலை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். தவில்காரர்கள் கோலைக் காற்றில் அடித்தார்கள். ஆடுகிறவர்கள் சலங்கையைக் கழற்றிக் கையில் பொத்திக்கொண்டு ஆடினார்கள். இரண்டு கிளைச் செயலாளர்களும் முஷ்டியை உயர்த்தி, வாயை அகலத் திறந்து, ஒரு எழுத்தும் வராமல் கோஷம் போட்டார்கள். பெரிய உறுமியைத் தோளில் மாட்டியிருந்த சுருளியாண்டி குதிகால் தரையில் படாமல் நடந்தான். இரண்டாயிரம் பேர் அந்த ஜன்னலைத் தாண்டிப் போனார்கள். உள்ளே குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது, ஒவ்வொரு வரிசையும் தாண்டும்போது அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு போனது.

கடைசி வரிசையும் போனபிறகு பவளக்கொடி கதவைச் சாத்திவிட்டு அவர்கள் பின்னாலேயே ஓடினாள். ஏழாவது மடையும் தாண்டி, வாய்க்கால் வளைகிற இடத்தில், ஊருக்குச் சத்தம் எட்டாத தூரத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வழி விட்டார்கள். அவள் சுருளியாண்டியிடம் போய் உறுமிக் குச்சியை வாங்கினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை எட்டும் மட்டும் பின்னால் கொண்டுபோய், ஓங்கி அடித்தாள். பதினெட்டு ஊர்ச் சத்தமும் ஒரே நேரத்தில் கிளம்பியது. வாய்க்கால் தண்ணீர் கரைக்குத் துள்ளியது, கொக்குகள் வயலை விட்டு எழுந்தன, வெடிகள் சரம்சரமாகப் பற்றின.

வீட்டில் ஏட்டய்யா தூக்கத்திலேயே புரண்டு படுத்தார், இடது பக்கமாக.